பேசாதவர்கள் நீக்கப்படுவார்கள்

வியாழக்கிழமை மாலைக்குள் பேசாதவர்கள் நீக்கப்படுவார்கள் என்று குரூப்பில் வந்த செய்தியைக் கலியமூர்த்தி திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோது, கடையில் ஒருவர் அரை இஞ்ச் பைப் எல்போ கேட்டு நின்றார். கலியமூர்த்தி முக்கால் இஞ்ச் டீ ஜாயின்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அதற்குத் துல்லியமாக பில்லும் போட்டார்.

"எல்போ கேட்டேங்க."

"பேசிடறேன்."

"யாருகிட்ட?"

கலியமூர்த்தி தலையைத் தூக்கினார். மஞ்சக்குப்பத்தில் அந்த ஹார்டுவேர் கடைக்கு பில் போட வந்த காலத்திலிருந்து அவர் பொருளை மாற்றிக் கொடுத்ததில்லை. முதலாளி ஒரு பார்வை பார்த்தார். கலியமூர்த்தி எல்போவைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, போனை மறுபடி மேஜைக்கு அடியில் பிடித்துப் படித்தார்.

'அன்புச் சொந்தங்களுக்கு. நம் குழுவில் சேர்ந்த நாள் முதல் ஒரு வார்த்தையும் பதியாத உறுப்பினர்கள் சிலர் உள்ளனர். வரும் வியாழன் மாலைக்குள் அவர்கள் ஏதேனும் பதிய வேண்டும். தவறினால் நீக்கப்படுவர். இது குடும்பம். வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. இவண், கொளஞ்சியப்பன், அட்மின்.'

சிலர் என்று மரியாதைக்குப் போட்டிருந்தாரே தவிர, அந்தக் குரூப்பில் வாயே திறக்காதவர் ஒரே ஒருவர்தான். அது கலியமூர்த்தி. அதைவிடப் பெரிய சங்கடம், அவர் அந்தக் குடும்பமே இல்லை.

போன வருடம் பழைய சிம் கெட்டுப்போய்ப் புது நம்பர் வாங்கினார். வாங்கிய வாரத்திலேயே 'சிதம்பரம் சொந்தங்கள்' என்ற குரூப்பில் யாரோ அவரைச் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு, கொளஞ்சியப்பனின் மருமகள் பவானி என்கிற பெண் எழுதியிருந்தாள்: 'அண்ணா, உன்னையும் சேத்துட்டேன். கோவத்த விட்டுட்டு ஒரு வார்த்த பேசு.' அந்த நம்பர் முன்னால் அவள் அண்ணன் செந்தமிழ்செல்வனிடம் இருந்தது என்றும், அவன் மேல்பட்டாம்பாக்கத்துக்காரன் என்றும், சொந்தத்தோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறான் என்றும் படிக்கப் படிக்கத்தான் இவருக்குப் புரிந்தது.

அன்றைக்கே ராங் நம்பர் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அதற்குள் குரூப்பிலேயே வயதான முத்தம்மாளைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டு அவிழ்த்தபின் அந்தம்மாவுக்குப் பார்வை தெரிந்ததா இல்லையா என்று தெரியாமல் எப்படி வெளியே வருவது? பார்வை தெரிந்தது. அதற்குள் துபாயிலிருக்கும் அன்பரசுக்கு வேலை போய்விட்டது. வேறு வேலை கிடைக்கும்வரை இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. கிடைத்தது. அந்த நேரம் பார்த்துப் பவானியின் குழந்தைக்கு முதல் பல்.

வீட்டில் சௌந்தரமும் அதிலேயே ஊறிவிட்டாள். ஒரே மகன் ஓசூரில். அவன் போன் செய்தால் 'ம்', 'சரி', 'வச்சிடவா' இந்த மூன்றோடு சரி. கூத்தப்பாக்கத்து வீட்டில் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அவள் கேட்பாள்:

"இன்னிக்கு சிதம்பரத்துல என்ன?"

அன்றைக்கும் கேட்டாள். கலியமூர்த்தி போனை நீட்டினார். அவள் படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"தூக்கிடுவாங்களா?"

"கொளஞ்சியப்பன் சொன்னா செய்வாரு. கரண்டு பில்லு கட்டாத மருமவனையே ஒரு வாரம் குரூப்ப வுட்டு வெளிய வச்சவரு."

"ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காது குத்து. அதக்கூட பாக்க முடியாதாங்க?"

இவருக்கும் அதுதான் உறுத்தியது. அந்தக் குழந்தை குப்புற விழுந்த நாளை அவர்கள் இருவரும் பாயசம் வைத்துக் கொண்டாடியிருந்தார்கள்.

குரூப்பில் அதற்குள் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

'பேசாதவங்க இருந்தா என்ன மாமா கொறஞ்சுடுது? மூலையில இருந்துட்டுப் போவட்டும்' என்று அன்பரசு துபாயிலிருந்து எழுதினான்.

'பந்தியில உக்காந்து சாப்ட்டுட்டு, நல்லாருக்கு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லாம எழுந்து போறாப்ல இருக்கு. பரிமாறினவனுக்கு எப்படி இருக்கும்?' என்று கொளஞ்சியப்பன்.

'சாவு வூட்டுக்கு வந்து சும்மா உக்காந்துட்டுப் போறவங்களும் இருக்காங்க. அவுங்க வந்தது கணக்குல இல்லையா?'

'இது சாவு வீடு இல்லை.'

முத்தம்மாள் குரல் பதிவு போட்டாள். "எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத நானே தெனம் நாலு வாட்டி பேசறேன். படிச்சவனுக்கு இன்னா கேடு? வாயில கொழுக்கட்டயா?"

சௌந்தரம் கணவனைப் பார்த்தாள். "உங்களத்தான் சொல்றாங்க."

"எனக்கும் கேக்குது."

"படிக்கறதும் கலந்துக்கறதுதானன்னு யாராச்சும் சொல்ல மாட்டேங்கறாங்களே."

"சொல்லணும்னா நான்தான் சொல்லணும். சொல்லிட்டா அப்பறம் நான் பேசாதவன் இல்ல."

கலியமூர்த்தி யோசித்து வேலை செய்கிற மனிதர். ஒரு திட்டம் போட்டார். காலையில் எல்லாரும் வணக்கம் போடுகிற நேரத்தில், பூவும் சூரியனும் தேநீர்க் கோப்பையுமாக மளமளவென்று விழும்போது, நடுவில் ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். நிபந்தனையும் நிறைவேறிவிடும்.

வியாழக்கிழமை காலை, குளித்து, திருநீறு வைத்துக்கொண்டு, ரோஜாப்பூ ஒன்றுக்கும் உதயசூரியன் ஒன்றுக்கும் இடையில் ஒரே ஒரு கும்பிடு போட்டார்.

அதற்குப் பிறகு ஒரு பூகூட விழவில்லை. குரூப் அப்படியே நின்றது.

'அண்ணா?' என்றாள் பவானி.

'செல்வன் மச்சானா அது?'

'செல்வன் பேசிட்டான்ப்பா.'

முத்தம்மாள் அழுதுகொண்டே ஒரு குரல் பதிவு போட்டாள். அதில் அழுகையைத் தவிர வேறு எதுவும் இல்லை. பின்னாலேயே ஒரு கோழி கொக்கரித்தது.

கலியமூர்த்தி மனைவியைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினார். "ஒரு கும்புடுதான போட்டேன்?"

"என்னமோ பதில் போடுங்க. இல்லன்னா இன்னும் ஜாஸ்தி ஆவும்."

'எனக்கு யார் மீதும் கோபம் இல்லை. அனைவரும் நலமாக இருக்க வேண்டும்' என்று எழுதி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார். யாரையும் நோகடிக்காத, எதற்கும் ஒப்புக்கொள்ளாத வாக்கியம் அது என்று அவருக்குத் திருப்தி.

கொளஞ்சியப்பனிடமிருந்தே பதில் வந்தது. 'நான் தினம் போடுகிற குட்மார்னிங்கைப் பற்றி நீ ஏதோ சொல்லிவிட்டாய் என்று ரெண்டு வருஷம் முகம் பார்க்காம இருந்தோம். பெரியவன் நான் முதலில் பேசியிருக்க வேண்டும். நீ பேசிவிட்டாய். ஞாயிறு என் பேத்தி தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்வாள். பதில் இல்லை என்றால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.'

கலியமூர்த்தி என்ன பதில் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பதில் இல்லாததால் எல்லாரும் கட்டை விரலை உயர்த்தினார்கள்.

"மடி கேக்கறாங்கடி."

"யாரு மடிய?"

"என்னுத."

அவர் பஸ் ஏறும்போது போன் அடித்தது. கடையில் அடித்தது. மோட்டார் பம்புக்கு வாரண்டி எழுதும்போது அடித்தது. எடுத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எடுக்காவிட்டால் மறுபடி கோபம் என்று நினைப்பார்கள். மத்தியானம் ஒரு வழி தோன்றியது: 'தொண்டையில் புண். டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எனவே போன் எடுக்க இயலவில்லை.'

அவர் அனுப்பிய செய்திகளிலேயே இதுதான் மோசமானது என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. சித்தரத்தை, அதிமதுரம், உப்புத் தண்ணீர், பரங்கிப்பேட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடை, புதுச்சேரியில் ஒரு ஸ்பெஷலிஸ்ட் என்று வந்து விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் பவானி: 'நாளைக்கு நானே வரேன் அண்ணா. பத்திரிகையும் வச்சிட்டு ஒன்னையும் பாத்துட்டு வரேன்.'

சௌந்தரம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவ மேல்பட்டாம்பாக்கம் போனா நெஜமான செல்வன் இருப்பாரே."

"இருப்பாரு."

"அவரு தொண்ட நல்லாருக்கும்."

"இருக்கும்."

"தடுத்துடுங்க."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கலியமூர்த்தி தடுத்தார். 'சிரமப்பட்டு வர வேண்டாம். நான் வீட்டில் இல்லை.'

நிமிஷத்தில் பவானி எழுதினாள்: 'வீட்ல இல்லியா? அட்மிட் ஆயிட்டியா? எந்த ஆஸ்பத்திரி? அண்ணி நம்பர் குடு. நான் கெளம்பிட்டேன்.'

கலியமூர்த்தி அதற்குமேல் எதையும் தொடவில்லை. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். சௌந்தரம் அதன்மேல் ஒரு துண்டையும் போட்டாள்.

பத்து மணிக்குத் துண்டை எடுத்துப் பார்த்தபோது குரூப்பின் அடியில் ஒரு புது வரி இருந்தது. 'அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்.'

எல்லாரும் பேசியே ஆக வேண்டும் என்ற கொளஞ்சியப்பன் எல்லார் வாயையும் பூட்டிவிட்டார்.

அன்று முழுக்க ஒன்றும் வரவில்லை. முத்தம்மாளின் குரல் இல்லை. பூ இல்லை. ஒரு வருடமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த வீடு திடீரென்று கதவைச் சாத்திக்கொண்டதுபோல் இருந்தது. கலியமூர்த்தி கடையில் இரண்டு தடவை தப்பாக பில் போட்டார். முதலாளி, "ஒடம்பு சரியில்லன்னா வூட்டுக்குப் போய்யா" என்றார்.

"தெரிஞ்சிடுச்சு. பவானி அங்க போயி அண்ணனைப் பாத்திருக்கும். நான் எழுதலன்னு அவரு சொல்லியிருப்பாரு" என்று சாயங்காலம் சௌந்தரத்திடம் சொன்னார் கலியமூர்த்தி.

"தெரிஞ்சா தூக்கியிருக்க மாட்டாங்களா? இன்னும் உள்ளதான இருக்கோம்?"

"போலீசுக்குப் போறவங்க ஆதாரத்த அழிப்பாங்களா?"

சௌந்தரம் சோற்றுத் தட்டை மூடி வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கொளஞ்சியப்பன் ஒரே ஒரு செய்தி போட்டார். 'நாளை காலை அனைவரும் மண்டபத்துக்கு நேரத்தோடு வந்துவிடவும். செல்வன் விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம்.'

கீழே மண்டபத்தின் விலாசம். கீழவீதிக்குப் பின்பக்கம்.

கலியமூர்த்தி விலாசத்தை ஒரு பில் தாளின் பின்னால் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "போயி சொல்லிடலாம்."

"எதுக்கு? சிம்மக் கழட்டிப் போட்டுட்டா முடிஞ்சுது."

"நமக்கு முடிஞ்சுது. அந்தக் கொழந்தைக்கு? மாமன் வருவான்னு எல்லாரும் வாசலையே பாத்துட்டு இருப்பாங்க. நல்ல நேரம் போவும். நான் எழுதின ஒரு வரியால அது மடி இல்லாம உக்காந்திருக்கும். முன்னாடியே சொல்லிட்டா வேற யாரையாச்சும் உக்கார வைப்பாங்க."

"சொன்னா நம்மள வெளிய தள்ளிடுவாங்க."

"ஆமா."

சௌந்தரம் எழுந்தாள். பிறகு உள்ளே போய், குழந்தைக்கென்று எப்போதோ வாங்கி வைத்திருந்த பட்டுப் பாவாடையை எடுத்துப் பையில் வைத்தாள். எப்போது வாங்கினாள் என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரம் பஸ் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று நின்று நின்று போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று கலியமூர்த்திக்குத் தோன்றியது. சௌந்தரம் அவர் சட்டைக் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண்ணை அவர்களுக்குத் தெரியும். சத்யப்பிரியா. போன மாதம் பல்லுக்குக் கம்பி போட்டவள்.

"பல்லு வலி போயிடுச்சாம்மா?" என்று சௌந்தரம் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

அந்தப் பெண் திகைத்தாள். கலியமூர்த்தி மனைவியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்னால் எல்லாரும் இருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியில் முத்தம்மாள். வெள்ளைச் சட்டையில் விரைப்பாகக் கொளஞ்சியப்பன். பவானியின் இடுப்பில் பாப்பா, படத்தில் பார்த்ததைவிடக் கொழுகொழுவென்று. மேடையில் மணை போட்டிருந்தது. அதில் யாரும் இல்லை.

"பாப்பா எளச்சிருக்கும்னு நெனச்சேன். நல்லாதான் இருக்கு" என்று சௌந்தரம் முணுமுணுத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார். ஒல்லியாக, புது வேட்டியில், கூட்டத்தோடு ஒட்டாமல். "நீங்க யார் வூட்டு சைடு?" என்று கேட்டார்.

"குரூப் சைடுங்க" என்றார் கலியமூர்த்தி. பிறகு, "நீங்க முன்னாடி போயி உக்காரலயா?"

"போனா பேசணும். இங்கயே காத்தோட்டமா இருக்கு."

"தாய்மாமன் வந்துட்டாரா?"

"வருவாரு, வருவாரு. அவரு வர்ற வரைக்கும் எவனும் எதையாச்சும் எழுதிக் கெடுத்துடக் கூடாதுன்னு கொளஞ்சியப்பன் குரூப்பையே பூட்டு போட்டு வச்சிருக்காரு."

ஆக, யாருக்கும் எதுவும் தெரியாது. இன்னும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பவானி வாசலைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. கலியமூர்த்தி நேராக அவளிடம் போய்ச் சொல்லாமல், பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க இந்தக் குடும்பத்துக்கு வேண்டியவரா?"

"வேண்டியும் இருந்தேன், வேண்டாமயும் இருந்தேன். ஏன்?"

"ஒரு விஷயம் சொல்றேன். நீங்க போயி அவுங்ககிட்ட பக்குவமா சொல்லிடுங்க. செல்வன் வர மாட்டாரு."

விசிறி நின்றது. "எப்படித் தெரியும்?"

"செல்வன் எழுதினதா நெனக்கறதெல்லாம் நான் எழுதினது." சொல்ல ஆரம்பித்ததும் அடக்க முடியவில்லை. சிம் வாங்கியது, முத்தம்மாளின் கண், கும்பிடு, கோபம் இல்லை என்றது, தொண்டைப் புண், வீட்டில் இல்லை என்றது, எல்லாவற்றையும் கொட்டினார். "ஒரு வருஷமா படிச்சுட்டு இருந்தோங்க. தப்புதான். வெளிய போவ மனசு வரல. இந்த வயசுல எங்களுக்குன்னு பேச்சு சத்தம் கேட்டது அது ஒண்ணுலதான்."

சௌந்தரம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த மனிதர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன எழுதினீங்க, அந்த மொத வரி?"

"எனக்கு யார் மீதும் கோபம் இல்லை. அனைவரும் நலமாக இருக்க வேண்டும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

"ம்" என்றார் அவர். "ரெண்டு வருஷமா எவனுக்கும் இந்த ரெண்டு வரி எழுத வரல."

மேடையிலிருந்து ஆசாரி குரல் கொடுத்தார். "நேரம் ஆவுது. தாய்மாமன் எங்கப்பா? கூப்பிடுங்க."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பின்பக்கம் பார்த்தது. பவானியும் பார்த்தாள். கலியமூர்த்தி, இப்போது எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதுதான் என்று நாற்காலியின் கையைப் பிடித்தார்.

தோளில் ஒரு கை விழுந்து அவரை உட்கார்த்தியது. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்துவிட்டிருந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, விசிறியை இவர் கையில் திணித்தார். பிறகு குனிந்து காதோடு சொன்னார்:

"வெள்ளிக்கெழம தங்கச்சி என் வூட்டு வாசல்ல நின்னு அழுவுறா, நான் எழுதலன்னு எந்த வாயால சொல்றது? அதான் வந்தேன். நீங்க அந்த நம்பர வுட்டுடாதீங்க சார், குரூப்ல செல்வனா நீங்களே இருந்துக்குங்க. நான் வாயத் தொறந்தேன்னா மறுபடி சண்டதான், அடுத்து பாப்பா மொட்டைக்கு இந்த மடி இருக்காது."